அல்வா மேல் ஆசை போனதற்கும் அழுகை வரும்

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் கல்லிடைக்குறிச்சி. ஏழு வாரத்துக்கு முன்பு மதுரையில் உடல் எடை குறைய ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுப்பது) செய்துகொண்டேன். 116 கிலோ இருந்தேன், இப்போது 101. சுகர் மாத்திரையைக்கூடக் குறைத்துவிட்டார்கள். ஆனால் காலையில் எழுந்தாலே குமட்டல். தினமும் இரண்டு மூன்று தடவை வாந்தி. இடுப்புக்குப் பலம் என்று அத்தை உளுந்தங்களி கிண்டித் தருகிறார்கள், இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. பையனிடம் எரிந்து எரிந்து விழுகிறேன். "நீயாத்தானே போய்ச் செஞ்சுக்கிட்ட" என்கிறார் வீட்டுக்காரர். செய்திருக்கவே கூடாதோ என்று இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, 'தினமும் வாந்தி' என்ற வரியைப் படித்ததும் பதிலை இதழ் வரும்வரை வைத்திருக்க மனம் வரவில்லை. நம்பர் எழுதியிருந்ததால் அன்றைக்கே கூப்பிட்டுவிட்டேன். அன்று பேசியதைத்தான் உங்களைப்போல இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் 27 வருடம் நர்ஸாக இருந்தவள். ஆறு வருடத்துக்கு முன்பு எனக்கும் இதே ஆபரேஷன் நடந்தது. ஐந்தாவது வாரம் அம்பாசமுத்திரத்தில் ஒரு மறுவீட்டு விருந்து. சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால்தானே, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும் என்று நினைத்து நாலு வாய் சாப்பிட்டேன். அப்புறம் கொல்லைப்புறம் போய், வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நுரை நுரையாக எச்சிலைத் துப்பிக்கொண்டு நின்றேன். அதிலிருந்து நாலு நாள் தண்ணீர்கூடத் தங்கவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப் போனார்கள். "முதலில் பி1 ஊசி போடுங்கள்" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தயமின் என்கிற பி1 வைட்டமின் நம் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். சாப்பாடும் குறைந்து வாந்தியும் தொடர்ந்தால் அது வற்றிவிடும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது, கால் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. 'எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குளுக்கோஸுக்கு முன்பு தயமின் கொடுக்கவும்' என்று ஒரு சீட்டில் எழுதி, ஆபரேஷன் தேதியும் சர்ஜன் நம்பரும் சேர்த்து பர்ஸில் வையுங்கள். வீட்டுக்காரர் பர்ஸிலும் ஒன்று இருக்கட்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை என்றாலும், காய்ச்சலோ, வலது விலாவுக்குக் கீழே வலியோ, வாந்தியில் ரத்தமோ இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் சேருவது உண்டு. வெட்டித் தைத்த இடம் குறுகிப்போயிருந்தாலும் வாந்தி நிற்காது. எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்பதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் போனில் கேட்டேன், நீங்கள் கூச்சப்பட்டீர்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா? எடை குறையத் தொடங்கினால் கரு தங்கும் வாய்ப்பு கூடும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று முதல் ஒன்றரை வருடம் கர்ப்பம் வேண்டாம் என்பார்கள். காலைக் குமட்டல் என்றால் அதையும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

சரி, அன்றாடக் குமட்டலுக்கு வருவோம். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மீதி இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். ஒரு வாய் கூடிப்போனாலும் அதற்கு விரிய இடமில்லை, மேலேதான் வரும். நீங்கள் சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிப்பதாகச் சொன்னீர்கள். விக்கினால் செம்பை நீட்டுகிற பழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு, இப்போது அது ஆகாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். தம்ளரை எடுத்தால் என்னையறியாமல் மடக்கு மடக்கென்று குடித்துவிடுவேன். அதனால் என் பிள்ளைகளுக்குப் பால் புகட்டிய பழைய பாலாடையைப் பரணிலிருந்து எடுத்தேன். மூக்கு நீண்ட சின்ன வெள்ளிப் பாலாடை, ஓரம் நசுங்கியிருக்கும். அதில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, நாக்கில் நனைத்து நனைத்து இறக்கினேன். இரண்டு மாதம் எனக்கு அதுதான் தம்ளர்.

காலையில் வெறும் வயிற்றில் வைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம் மூன்றையும் ஒன்றாக விழுங்குகிறீர்கள். பாதிக் குமட்டல் அங்கேதான் என்று நினைக்கிறேன். இரும்பு மாத்திரை வெறும் வயிற்றைப் புரட்டும். கால்சியத்தையும் இரும்பையும் இரண்டு மணி நேரமாவது தள்ளித்தான் போட வேண்டும். எதை எப்போது என்று டாக்டரிடம் நேரம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், இந்த மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு.

இனி அழுகை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும், ஆபரேஷனுக்கு முன்பு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வருடம் நெல்லையப்பர் ஆனித் தேருக்குப் போனேன். ரத வீதியில் கூட்டம். சாயங்காலம் அல்வாக் கடைப் பக்கம் வந்ததும் சூடான நெய் வாசனை. சின்ன வயதில் அப்பா வாழை இலைத் துண்டில் வாங்கிக் கொடுத்து, கை சுடச் சுடத் தின்ற அல்வா. அன்றைக்கு எனக்கு அது வேண்டும் என்றே தோன்றவில்லை. தின்ன முடியவில்லையே என்று நான் அழவில்லை. ஆசையே இல்லையே என்றுதான் அழுதேன், நடுத்தெருவில். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான். பசி போனது நல்லதுக்கு. ஆனால் கோபம் வந்தால், தனிமை வந்தால், மழை பெய்தால் நாம் போய் நின்ற இடம் அடுப்படி. அது திடீரென்று இல்லாமல் போனால் மனசு எங்கே போகும்? உடம்புக்குப் போதுமான சாப்பாடு இல்லாததும் எரிச்சலைக் கூட்டும். நீங்கள் பையன் மேல் எரிந்து விழுவது குணம் கெட்டதால் இல்லை. அவனிடம், "அம்மாவுக்கு உடம்பு படுத்துது ராசா, உன் மேல கோவம் இல்ல" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. இது சும்மா அழகுக்குச் செய்துகொண்டது இல்லை தம்பி. உங்கள் மனைவிக்கு சுகர் குறைந்திருக்கிறது. அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பே இல்லை, தூக்கம் இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் ஆபரேஷன் ஆனதை அந்த டாக்டரிடம் சொல்ல வேண்டும், அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். 'செத்தால் தேவலை' என்று ஒரு நிமிஷம் தோன்றினாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

போனில் பேசி முடிக்கும்போது உங்கள் அத்தை வாங்கி, "அப்பம் நான் என்னத்தம்மா ஆக்கிக் குடுக்க?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்ட விதத்தில் இருந்த கவலை இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தை, களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கெட்டியாகச் சேர்ந்து இருப்பது இந்த வயிற்றுக்கு இப்போது ஒத்துக்கொள்ளாது. இனிப்பு வேகமாகக் குடலுக்கு இறங்கினால் படபடப்பு, வியர்வை, மயக்கம்கூட வரும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, மிளகு சீரகத்தூள் ஒரு சிட்டிகை போட்டு, தாளிக்காமல் கடைந்து கொடுங்கள். தாளிக்கிற வாசனையே அவளுக்குக் குமட்டுகிறது. மத்தியானம் முள் எடுத்த அவித்த மீன், கட்டைவிரல் அளவு. சாயங்காலம் புளிக்காத தயிர். ஒரு நேரத்துக்கு நாலு மேசைக்கரண்டி போதும், அதையும் அரை மணி நேரம் வைத்துச் சாப்பிடட்டும். தட்டில் மிச்சம் வைத்தால் வைக்கட்டும், இன்னொரு வாய் என்று சொல்லாதீர்கள்.