துடித்து நின்றுபோகும் மோட்டார்

அன்புள்ள ஐயா,

8ஆம் வகுப்புப் பிள்ளைகளை எட்டுக் குழுவாகப் பிரித்து, டார்ச் செல், ஊக்கு, காந்தம், எனாமல் பூசிய செப்புக் கம்பி ஆகியவற்றைக் கொடுத்து எளிய மின்மோட்டார் செய்யச் சொன்னேன். இரண்டுதான் சுழன்றன. மூன்று அசையவே இல்லை. மற்ற மூன்றும் ஒரு துடிப்புத் துடித்து, இப்படியும் அப்படியும் ஆடி நின்றுவிட்டன. பிள்ளைகளின் முகம் வாடிப்போயிற்று. அடுத்த முறை கம்பிச் சுருள்களை நானே சுரண்டித் தயாராகக் கொண்டுபோகலாமா? மாதிரி ஓடினால்தானே பாடம் மனதில் நிற்கும்?

ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சுரண்டிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த மோட்டாரில் பாடம் இருப்பதே அந்தச் சுரண்டலில்தான். இரண்டு ஊக்குகளைச் செல்லின் இரு முனைகளிலும் ரப்பர் பேண்டால் இறுக்குவது, நடுவில் வட்டக் காந்தத்தை உட்காரவைப்பது எல்லாம் வெறும் கைவேலை. நேரம் மிச்சப்பட வேண்டுமென்றால் அவற்றை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். சுருளைப் பிள்ளைகளே செய்யட்டும்.

அளவு இது: சுமார் 0.5 மி.மீ. தடிமனுள்ள கம்பி, குழுவுக்கு ஒரு மீட்டர். பெரிய டார்ச் செல்லின் மேலேயே 8 சுற்றுச் சுற்றி உருவிக்கொள்ளலாம். இரு முனைகளிலும் 5 செ.மீ. வால் விட்டு, ஒவ்வொரு வாலையும் சுருளின்மேல் இரண்டு முறை இறுக்கிக் கட்டி, நேர் எதிரெதிராக நீட்டிவிட வேண்டும். இரண்டு வாலும் ஒரே நேர்கோட்டில், சுருளின் நடுவே போக வேண்டும்.

இனி சுரண்டல். வால்கள்தான் ஊக்குகளின் துளைகளில் உட்கார்ந்து மின்சாரத்தை வாங்க வேண்டும், எனாமலோ மின்சாரத்தை விடாது. ஒரு வாலை உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்துவிடலாம். மற்றதில் பாதிதான், அதுவும் எந்தப் பாதி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாலை மேசைமேல் வைத்து, சுருள் மேசையின் விளிம்புக்கு வெளியே செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். இப்போது வாலின் மேற்பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது வால் விரலுக்குள் உருளக் கூடாது. சுருளைப் படுக்கையாக வைத்து மேற்பக்கத்தைத் தேய்த்தால் எல்லாம் சரியாகச் செய்ததுபோலவே தோன்றும், மோட்டார் ஓடாது. காந்தம் கீழே இருப்பதால் சுருள் செங்குத்தாக நிற்கும்போதுதான் சுழற்றும் விசை மிக அதிகம். படுக்கையாகும் நிலையைக் கடந்ததும் அதே மின்னோட்டம் எதிர்ப்பக்கமாக இழுக்கும். அந்த அரைச்சுற்றில் மின்னோட்டம் அறுந்திருக்க வேண்டும். மீதியைச் சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடும். ஆக, ஆடி நின்ற உங்கள் மூன்று மோட்டார்களிலும் இரண்டு வாலும் முழுக்கச் சுரண்டப்பட்டிருக்கும், அல்லது தவறான பாதி சுரண்டப்பட்டிருக்கும். (முழுக்கச் சுரண்டிய மோட்டாரும் சில சமயம் ஓடிவிடும். சுருள் துள்ளுவதால் தொடர்பு தற்செயலாக விட்டுவிட்டுக் கிடைப்பதுதான் காரணம். வகுப்பை ஏமாற்ற இதைவிட வேறு ஆள் வேண்டாம்.)

அசையாத மூன்றுக்கும் கண்தான் குற்றவாளியாக இருக்கும். எனாமலும் செம்பின் நிறத்திலேயே மினுமினுப்பதால், சுரண்டாததே சுரண்டியதுபோல் தெரியும். நன்றாகத் தேய்த்த செம்பு வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தீயில் காட்டி எனாமலை எரிப்பது வேண்டாம். புகையும் கேடு, கருகிய படலமும் மின்சாரத்தை நன்றாக விடாது. ஊக்குக்குப் பதில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கிளிப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. காந்தத்தை எடுத்துத் தள்ளி வையுங்கள். சுருளுக்குப் பக்கத்தில் திசைகாட்டியைப் பிடித்து, சுருளைக் கையால் மெல்லத் திருப்புங்கள். ஊக்கிலுள்ள இரும்பு, திசைகாட்டியின் ஊசியைச் சற்று இழுத்துவைத்திருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தொடர்பு கிடைக்கும் நொடியில் ஊசி துள்ளுகிறதா என்பதே கேள்வி. 1820இல் டென்மார்க் அறிவியலாளர் ஆர்ஸ்டெட் கண்டது இந்தத் துள்ளலைத்தான். அதைச் சொல்ல வேண்டிய இடமும் அதுவே.

துள்ளியும் சுழலவில்லையென்றால் எடையைப் பாருங்கள். செல்லைத் துண்டித்து, காந்தமும் இல்லாமல், விரலால் சுண்டினால் சுருள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிலையில் நிற்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்தால் வால்கள் நடுவில் இல்லை. காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி போதும். ஓட்டத் தொடங்க ஒரு சுண்டு தேவை, எனாமல் பக்கம் கீழே இருந்தால் தானாகக் கிளம்பாது. ஒரு பக்கம் சுண்டி நின்றால் மறுபக்கம் சுண்டிப் பாருங்கள்.

செல்லில் கவனம் வேண்டும். இந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.1 ஓமுக்கும் குறைவு. சுருள் நின்றுபோனால் அது கிட்டத்தட்ட குறுக்குச்சுற்றுதான். ஊக்கும் செல்லும் சூடாகும். பத்து, பதினைந்து நொடிக்குமேல் விடாதீர்கள். 1.5 வோல்ட் டார்ச் செல் போதும், லித்தியம் செல் பக்கமே போகக் கூடாது.

பாடநூல் படத்தில் இருக்கும் பிளவு வளையம் (சுருளோடு சுழலும், இரண்டாகப் பிளந்த உலோக வளையம்) மின்னோட்டத்தின் திசையை மாற்றுகிறது. உங்கள் மோட்டாரோ அரைச்சுற்று மின்னோட்டத்தை அறுப்பதோடு சரி. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். ஏற்கெனவே சுழன்ற அந்த இரண்டையும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பினால் என்ன ஆகும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, பிறகு திருப்பச் சொல்லுங்கள்.