ரோமானிய செப்புக் காசுகள்: கேட்டவையும் சொன்னவையும்

கே: ஓநாயிடம் இரண்டு குழந்தைகள் பால் குடிக்கின்றன, மேலே இரண்டு நட்சத்திரம். பேரரசர் பெயரே இல்லை. போலியா?

ப: பெயர் இல்லாததால் போலி ஆகாது. கி.பி. 330-ல் கான்ஸ்டான்டினோபிள் தலைநகரானதை ஒட்டிப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஜோடியாக அடித்த காசுகளில் ஒன்று. குழந்தைகள் ரோம் நகரத்தின் தோற்றக் கதையில் வரும் இரட்டையர் ரோமுலஸும் ரேமஸும். முன்பக்கம் தலைக்கவசத்தோடு ரோமா தேவி. ஜோடிக் காசில் கப்பல் முகப்பில் வெற்றித் தேவதை. புது ஊருக்கு ஒன்று, பழைய ஊர் கோபிக்காமலிருக்க ஒன்று! ஓநாயின் காலடியில் இருப்பது அக்கசாலைக் குறி, அதாவது காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதன் அடையாளம். 'டிஆர்' என்று தொடங்கினால் இன்றைய ஜெர்மனியிலுள்ள ட்ரியர்.

கே: புளி போட்டு விளக்கலாமா?

ப: கூடாது. புளி, எலுமிச்சை, பித்தளைப் பொடி எதுவும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு மூங்கில் குச்சியால் அழுக்கை மெல்ல எடுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

கே: குதிரையோடு விழுபவனை வீரன் ஈட்டியால் குத்துகிறானே, விழுபவன் யார்?

ப: ரோமின் எதிரி, அவ்வளவுதான். கூம்புத் தொப்பி இருந்தால் பாரசீகன் என்பார்கள். எல்லாக் காசிலும் அந்தத் தொப்பி இல்லை. 348-ல் வந்த வரிசை இது. 'நல்ல காலம் திரும்பியது' என்று பொறித்துக்கொண்டே பத்தாண்டுக்குள் காசைச் சிறுக்க வைத்துவிட்டார்கள்.

கே: என்ன விலை போகும்?

ப: விலை சொல்வதில்லை.

கே: 312-லேயே கிறிஸ்தவத்தின் பக்கம் வந்த கான்ஸ்டன்டைன் காசில் சூரியதேவன் எதற்கு?

ப: அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் சூரியன்தான் 'வெல்லப்படாத தோழன்'. படைவீரர்களுக்குப் பழகிய தெய்வம்.

கே: அப்படியானால் அவர் கிறிஸ்தவரே இல்லை!

ப: காசை வைத்து அப்படித் தீர்ப்பு எழுத முடியாது. 337-ல் அவர் இறந்த பிறகு வந்த சிறு காசைப் பாருங்கள். முன்பக்கம் முக்காடிட்ட தலை, தெய்வமானவர் என்ற பட்டம். இது பழைய ரோம வழக்கம். பின்பக்கம் நாலு குதிரைத் தேரில் மேலே போகிறார், வானத்திலிருந்து ஒரு கை அவரை நோக்கி நீள்கிறது. அவர் காலத்துக் கிறிஸ்தவ ஆயர் யூசிபியஸ் இந்தக் காசை வர்ணித்திருக்கிறார். கோயிலுக்குப் போகிறவரும் தேவாலயத்துக்குப் போகிறவரும் தத்தமக்குப் பிடித்த பாதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

கே: அந்தக் கை சூரியனுடையதுதான்.

ப: இல்லை. சூரியன் வந்தால் கதிர்முடியோடு முழு உருவமாக வருவான்.

கே: எலுமிச்சை கொஞ்சமாக...?

ப: மேலே படியுங்கள்.

கே: சந்தேகமே இல்லாத கிறிஸ்தவச் சின்னம் எந்தக் காசில்?

ப: 350-53-ல் ஆண்ட மக்னென்டியுஸ் காசில். பின்பக்கம் முழுக்க 'கை-ரோ', அதாவது கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் பின்னிய சின்னம்; இரு பக்கமும் கிரேக்க நெடுங்கணக்கின் முதலும் கடைசியுமான ஆல்ஃபா, ஒமேகா. அடித்தவர் ஆட்சியைப் பறித்துக்கொண்டவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.