கரகரப்புக்குள் என்ன தேடுகிறார்?

கேள்வி: என் கணவர் இந்த வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். ராத்திரி பத்து மணி ஆனால் பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை, ஒரே கரகரப்பு. நடுவில் புரியாத பாஷையில் யாராவது பேசினால் உடனே நோட்டில் எழுதிக்கொள்கிறார். "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தை மாதம் அறுபதாம் கல்யாணம். பழைய காலத்து மாடலில் அழகான புளூடூத் ரேடியோ ஒன்றைக் கடையில் பார்த்தேன். பரிசாகக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

அதை வாங்க வேண்டாம். மரப்பெட்டி, பித்தளைத் திருகு என்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் எஃப்.எம்.மும் புளூடூத்தும்தான் ஒழுங்காக வேலை செய்யும். உங்கள் கணவர் தேடுவது சிற்றலை, அதாவது ஷார்ட் வேவ்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் செய்வதற்கு டி.எக்ஸிங் என்று பெயர். எட்டாத தூரத்து வானொலி நிலையம் ஒன்றைத் தன் பெட்டியில் பிடித்துவிடுவதுதான் அதில் சந்தோஷம். நிலையம் என்ன பேசுகிறது என்பது அப்புறம். குளக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய் "மீன் கடையிலேயே கிடைக்குமே" என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அவர் வயதுக்காரர்கள் இலங்கை வானொலியில் காதைப் பழக்கியவர்கள். 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் மாதக் கடைசியில் நின்றபோது, வீட்டுப் பெரியவர் ஒருவரை இழந்த மாதிரி வருந்திய நேயர்கள் நம் ஊர்களில் உண்டு.

ஏன் ராத்திரி, ஏன் மாடி என்றும் சொல்லிவிடுகிறேன். சிற்றலை, வானத்தில் வெகு உயரே இருக்கும் மின்னேறிய காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் திரும்பிக் கண்டம் தாண்டுகிறது. பகல் வெயிலில் அந்த மண்டலத்தின் அடியடுக்கு, சிற்றலையில் தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும், வழி திறக்கும். வீட்டுக்குள் எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே ரேடியோவுக்குள் இரைச்சலைக் கொட்டுகின்றன. அவர் மாடிக்கு ஓடுவது உங்களைத் தவிர்க்க அல்ல, அந்த இரைச்சலைத் தவிர்க்க.

சரி, பரிசுக்கு வருவோம். முதலில் பத்து மீட்டர் உறை போட்ட செம்புக் கம்பி. தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே கட்டி, ஒரு முனையை ரேடியோவின் ஏரியலில் கிளிப் போட்டு மாட்டினால், நேற்றுவரை முனகிய நிலையம் இன்று வாய்விட்டுப் பேசும். இடி மின்னல் வரும்போது கம்பியைக் கழற்றிவிட்டுக் கீழே வந்துவிட வேண்டும். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால், டிஜிட்டலில் அலைவரிசை காட்டும் சிறிய சிற்றலை ரேடியோ வாங்கலாம். டெக்சன் பி.எல்.-330 போன்றவை கையடக்கமானவை. எதை வாங்கினாலும் எஸ்.எஸ்.பி. என்ற ஒலிபரப்பு முறையைக் கேட்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், தங்களுக்குள் பேசுவது புரியும்.

அந்த நோட்டு சாதாரண நோட்டு இல்லை. கேட்ட நாள், நேரம், அலைவரிசை, காதில் விழுந்த விவரங்கள், ஒலி எவ்வளவு தெளிவு என்று 1 முதல் 5 வரை மதிப்பெண்கள். இவற்றை எழுதி அனுப்பினால் பல நிலையங்கள் "ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்" என்று உறுதி செய்து ஒரு வண்ண அட்டை அனுப்பும். கியூ.எஸ்.எல். அட்டை என்பார்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து. அவர் இன்னும் அனுப்பத் தொடங்கவில்லை என்றால், அட்டைகளைச் செருகி வைக்க நல்ல ஆல்பம் ஒன்றும் வாங்கிவிடுங்கள். ரோமானியா நாட்டு வானொலியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கும் ரேடியோவை இணையத்தில் யார் வேண்டுமானாலும் திருகலாம், காசு இல்லை. வெப்-எஸ்.டி.ஆர். என்று தேடினால் கிடைக்கும். அதில் 4625 கிலோஹெர்ட்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரஷ்யாவிலிருந்து பல பத்தாண்டுகளாக "ப்ஸ்ஸ்... ப்ஸ்ஸ்..." என்று ஒரு நிலையம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. எப்போதாவது ஒரு குரல் வந்து ரஷ்ய மொழியில் சில பெயர்களையும் எண்களையும் படித்துவிட்டுப் போகும். எதற்காக என்று அந்த நாடு இதுவரை வெளிப்படையாகச் சொன்னதில்லை. இதைக் கேட்ட பிறகு பிள்ளைகளே அப்பாவைத் தேடி மாடிக்குப் போவார்கள்.

பரிசைக் கல்யாண மேடையில் வைத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்னதாக, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நீங்களே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். விசேஷ வீட்டில் சீரியல் செட் எரியத் தொடங்கிவிட்டால் அந்த இரைச்சலில் ஒரு நிலையமும் பிடிபடாது.