பழைய காருக்கு வேறு ஓட்டோ கியர்பொக்ஸை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: உங்களிடம் இருப்பது 1300 சிசி எஞ்சினும் மூன்று கியர் ஓட்டோவும் உள்ள தொண்ணூறுகளின் டொயோட்டா. பொக்ஸ் வழுக்கத் தொடங்கிவிட்டது. அதே மூன்று கியரைத் தேடி அலையாமல் நாலு கியர் ஓட்டோவைப் போடலாமா, அதையும் வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்யலாம். நான் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில், வேப்பமரத்துக்குக் கீழே செய்தேன். சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று தொடங்கிய வேலை பதினேழு நாள் இழுத்தது. பொக்ஸை இறக்கி ஏற்றியது அதில் மூன்று நாள்தான். மிச்சமெல்லாம் ஒரு கேபிள், நாலு வயர், ஒரு பிராக்கெட் என்று சில்லறைச் சாமான்களுக்குப் போனது.

என் கார் 1996 டொயோட்டா கோர்சா. 4ஈ எஞ்சின், ஏ132எல் என்ற மூன்று கியர் பொக்ஸ். திருகோணமலை டவுனுக்குள் ஓட அது போதும். உவர்மலை ஏற்றத்தில்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் கந்தளாய் தாண்டி ஹபரணை வரை நேராகக் கிடக்கும் ஏ6 வீதியில் 80இல் போனால் எஞ்சின் கத்தும் கத்தலில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. காரை விற்று வேறு வாங்குவோம் என்றால், 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த அந்தக் காலத்தில் பழைய கார்களுக்கே தங்க விலை. அதனால்தான் இந்த விசர் வேலை.

முதலில் பொனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டைப் பாருங்கள். 'டிரான்ஸ்/அக்சில்' என்ற வரியில் உங்கள் பொக்ஸின் குறி இருக்கும். எஞ்சின் எந்தக் குடும்பமோ, அந்தக் குடும்பத்துப் பொக்ஸைத்தான் தேட வேண்டும். 4ஈ, 5ஈ இரண்டும் ஒரே குடும்பம், போல்ட் ஓட்டைகள் பொருந்தும். 1500 சிசி 5ஈ எஞ்சின் வந்த சைனோஸ் போன்ற கார்களில் ஏ242எல் என்ற நாலு கியர் பொக்ஸ் உண்டு. நான் வாங்கியது அதைத்தான்.

குறியின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'ஈ' (E) என்று முடிந்தால் எப்போது கியர் மாற வேண்டும் என்பதைக் கொம்பியூட்டர் தீர்மானிக்கும் பொக்ஸ். உங்கள் காரில் உள்ள கொம்பியூட்டருக்கு அந்தப் பாஷையே தெரியாது. வீட்டு வேலைக்கு அது வேண்டாம். 'எல்' (L) என்று முடியும் வகையில் தீர்மானிப்பது ஒயில் அழுத்தம்தான். கார் ஓடும் வேகத்துக்கு ஏற்ப ஒரு அழுத்தம், நீங்கள் அக்சிலேட்டரை மிதிக்கும் அளவுக்கு ஏற்ப ஒரு கேபிள் வழியாக இன்னொரு அழுத்தம். இரண்டும் மல்லுக்கட்டி எது வெல்கிறதோ அதன்படி கியர் மாறும். இந்தக் கேபிளை நினைவில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன். சிவிடி, அதாவது கியர் படிகளே இல்லாத ஓட்டோ, அதன் பக்கம் போகவே வேண்டாம்.

பொக்ஸைக் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்தான், ரீகண்டிஷன் என்று பெயர். ஒயில் குச்சியை உருவி மணந்து பாருங்கள். தீய்ந்த வாடை அடித்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். பொக்ஸையும் கொன்வெர்ட்டரையும் (எஞ்சினின் சுற்றை ஒயில் வழியாகப் பொக்ஸுக்குக் கடத்தும் சாமான்) மட்டும் வாங்கியது என் முதல் பிழை. கொன்வெர்ட்டர், எஞ்சின் பக்கத்துப் பிளேட், மிதி கேபிள், ஓவர்டிரைவ் (நாலாவது கியர்) பட்டன் உள்ள கியர் லீவர், மவுண்ட் பிராக்கெட், இரண்டு அக்சில், எல்லாம் ஒரே காரிலிருந்து வர வேண்டும். வயர் பிளக்கை ஒரு முழ நீளம் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். எனக்கு விற்றவர் கழுத்தோடு நறுக்கிவிட்டார். ஒரு பிளக்குக்காக இரவு பஸ் ஏறி மறுபடியும் கொழும்பு போனேன்.

இறக்கும் வேலையில் விளக்க அதிகம் இல்லை, பயப்பட நிறைய இருக்கிறது. இந்த வகைக் காரில் எஞ்சினின் இடப்பக்கத்தைத் தாங்குவதே கியர்பொக்ஸ் மவுண்ட்தான். அதைக் கழற்றினால் எஞ்சின் சரியும். இரண்டு மட்கார்டுக்கும் குறுக்காக ஒரு தடித்த ஜிஐ குழாயை வைத்து, சங்கிலியால் எஞ்சினைத் தூக்கிக் கட்டினோம். பொக்ஸ் சீமெந்து மூட்டையைவிடப் பாரம், பிடிக்க வாகான இடமும் கிடையாது. வெறும் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், பக்கத்தில் இரண்டு பழைய டயரையும் போட்டு வையுங்கள். கடற்கரைக் கார் என்பதால் அக்சில் நட்டும் போல் ஜொயின்ட் போல்டும் உப்பில் இறுகிப்போயிருந்தன. முதல்நாள் இரவே ஒயில் அடித்து ஊறவிட்டும் ஒரு போல்ட் முறிந்தது.

பழையதையும் புதியதையும் சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி அளந்தோம். பிராக்கெட் பொருந்தவில்லை, வெல்டிங் வேலை செய்யும் மச்சான் ஒரு பின்னேரத்தில் சரி செய்தார். பொக்ஸ் வெளியே இருக்கும்போதே எஞ்சினின் பின் ஒயில் சீலை மாற்றிவிடுங்கள்; பிறகு அது ஒழுகினால் முழு வேலையும் மறுபடி முதலிலிருந்து.

ஃபில்டர் மாற்ற, பொக்ஸின் அடியில் உள்ள ஒயில் தட்டைக் கழற்றிய நாள் ஆடி மாதம். கச்சான் காற்று நம் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே. உள்ளே ஒடுங்கிய ஒயில் ஓடும் வழிகள், வெளியே வளவு முழுக்கப் புழுதி. அம்மாவின் நல்ல பெட்சீட்டைக் கேட்காமல் எடுத்துச் சுற்றிக் கட்டினேன். அதில் ஏறிய சிவப்பு ஒயில் கறை இன்னும் போகவில்லை, அதைப் பற்றிய பேச்சும் போகவில்லை.

சரி, கொன்வெர்ட்டருக்கு வருவோம். வீட்டில் செய்பவர்கள் நல்ல பொக்ஸைக் கொல்வது இங்கேதான். அது பொக்ஸின் மூக்கில் செருகும் வட்டமான பெரிய சட்டி. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகச் சில இடங்களில் பொருந்த வேண்டும், கடைசியாக ஒயில் பம்பைச் சுழற்றும் பல்லில் விழ வேண்டும். நான் இரண்டு முறை 'டொக்' என்று கேட்டதும் முடிந்தது என்று எழுந்துவிட்டேன். பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "தம்பி, உள்ளே போயிட்டுது என்று கண்ணால் பார்த்துச் சொல்லாதே. அடிமட்டத்தால் அளந்து சொல்."

பொக்ஸின் வாய் விளிம்பில் குறுக்காக ஒரு நேர்ச் சட்டத்தை வைத்து, அதிலிருந்து கொன்வெர்ட்டரின் போல்ட் காது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்தோம். கடையில் வாங்கும்போது நான் எழுதி வைத்திருந்த அளவைவிட ஒரு விரல் அகலம் வெளியே நின்றது. மெதுவாகத் தள்ளியபடியே சுழற்ற, மூன்றாவது 'டொக்' வந்தது. அந்த நிலையில் போல்ட்டை இறுக்கியிருந்தால் பம்ப் நொறுங்கியிருக்கும். பொக்ஸும் எஞ்சினும் கையால் தள்ளியே முகம் சேர வேண்டும். போல்ட் போட்டு இழுத்துச் சேர்க்கவே கூடாது. சேர்ந்த பிறகு கொன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்றவும் வேண்டும்.

பொக்ஸ் ஒயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் கூலர் குழாயைக் கழுவாமல் மாட்டாதீர்கள், செத்த பொக்ஸின் குப்பை முழுக்க அதற்குள்தான் இருக்கும். ஒயில் டெக்ஸ்ரோன் வகை. சும்மா வடித்து மாற்றும்போது மூன்று லீற்றர் அளவு போகும். கொன்வெர்ட்டரும் வெறுமையாக இருந்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். கொஞ்சம் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய், திரும்பப் பார்க்கிங்கில் விட்டு, சூடேறிய பின் குச்சியைப் பாருங்கள். அந்தக் காலத்து டொயோட்டா பொக்ஸ்கள் சிலவற்றில் டிஃபரென்ஷியலுக்கு (இரண்டு அக்சிலுக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) தனி ஒயில், தனி மூடி. அதை மறந்தவர்கள் எத்தனையோ பேர். லீவர் டியில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகிறதா என்றும் பாருங்கள். ஆகக்கூடாது. பார்க்கிங்கிலும் நியூட்ரலிலும் மட்டும்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் கார் மதிலோடு போய் நிற்கும்.

இனி அந்தக் கேபிள். முதல் ஓட்டம் நிலாவெளி வீதியில். கியர் மாறுவதே தெரியவில்லை, 40க்குள் நாலாவது விழுந்துவிட்டது, வெண்ணெயில் கத்தி போனது போல. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த மாமா பேசாமல் வந்தவர், சாம்பல்தீவு தாண்டியதும் "ஓரமாக நிற்பாட்டு" என்றார். அது மென்மையான மாற்றம் இல்லை, வழுக்கல். கேபிள் தளர்ந்து கிடந்ததால் நான் மிதித்தாலும் மிதிக்கவில்லை என்றே பொக்ஸ் நினைத்திருக்கிறது. அழுத்தம் குறைவாக இருக்க, கிளச் பிளேட்டுகள் இறுகப் பிடிக்காமல் உரசி ஓடியிருக்கின்றன. அப்படியே ஒரு மாதம் ஓடியிருந்தால் வாங்கிய பொக்ஸும் குப்பை. மிதியை முழுக்க மிதித்துப் பிடித்த நிலையில், கேபிளில் நசுக்கி வைத்திருக்கும் சிறு மணிக்கும் உறையின் முனைக்கும் இடையில் 0 முதல் 1 மில்லிமீற்றர்தான் இருக்கலாம். என்னுடையதில் ஒரு விரல் நுழைந்தது. இரண்டு நட்டைத் திருப்பியதோடு வேறு கார் ஆகிவிட்டது.

இப்போது கந்தளாய் வீதியில் ஓவர்டிரைவ் விழும்போது எஞ்சின் சுற்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறது. பெற்றோல் எவ்வளவு மிச்சம் என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஏற்றத்திலும் டவுன் நெரிசலிலும் பட்டனை அணைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் துள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் அந்த ஒயில் தட்டை மறுபடி கழற்றி உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். குழைத்த திருநீறு போல மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பயமில்லை, துடைத்துவிட்டு மூடலாம். கையில் குத்தும் இரும்புத் துகள் இருந்தால் அடுத்த பொக்ஸுக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். என்னுடையதில் பசையோடு ஒரே ஒரு பளபளத்த துண்டு இருந்தது. அதைத் தீப்பெட்டியில் போட்டு மாமாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஜப்பான்காரனுடையது, உன்னுடையது இல்லை" என்றார்.