பழைய அரிசி ஆலையைக் கலைக்கூடமாக்குகிறோம், எத்தனை ஏசி வேண்டும்?

ஏசியை விடுங்கள், முதலில் கூரையைப் பாருங்கள். மட்டக்களப்பில் ஏப்ரலிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், அதனால் சூடு சுவரைவிடக் கூரையால்தான் இறங்கும். தகரத்துக்கு மேலே வெள்ளைப் பூச்சு, கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு வெப்பத்தடுப்புத் தாள், முகட்டில் சூட்டுக்காற்று வெளியேற நீளமான திறப்பு, இவ்வளவும் செய்தால் கூத்துப் பழகவும் பிள்ளைகள் படம் கீறவும் பெரும்பாலும் ஃபேனே போதும். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் மட்டும் யாரையும் துளைக்கவோ வெட்டவோ விடாதீர்கள், அந்தத் தூசு புற்றுநோய் வரை கொண்டுபோகும். கிழக்கு ஜன்னல் கடற்காற்றுக்கு. கச்சான் என்ற சூடான மேற்குக் காற்று வீசும் நாட்களில் மேற்கு ஜன்னலைப் பகலில் சாத்தி இரவில் திறவுங்கள். சோலார் அப்புறம்தான்; 1978 சூறாவளி கூரைகளைப் பிய்த்தெறிந்த ஊர் இது, கூரையின் பழைய மரச்சட்டங்கள் பாரத்தையும் காற்றையும் தாங்குமா என்று பொறியியலாளர் ஒருவர் ஏறிப் பார்க்கட்டும்.