கல்கத்தாவைக் கலக்கிய அன்னம்

கே: வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அன்னப்பறவை மாதிரியே ஒரு பழைய கார், கழுத்து அலகு எல்லாம் இருக்கிறது. 'மகாராஜா செய்த 1910 கார்' என்று போட்டிருந்தார்கள். என் பேரன் 'இதெல்லாம் கம்ப்யூட்டர் போட்ட படம் தாத்தா' என்கிறான். யார் சொல்வது சரி? (தென்காசி வாசகர்)

ப: பேரனுக்குத் தோல்விதான், ஆனால் உங்களுக்கும் முழு வெற்றி இல்லை. கார் நிஜம். 1910-ல் இங்கிலாந்தில் லோவெஸ்டாஃப்ட் என்ற துறைமுக ஊரில் புரூக் என்ற கம்பெனி செய்தது. படகு இன்ஜின்களுக்குப் பேர்போன கம்பெனி அது, தண்ணீரில் நீந்துகிற பறவையைச் செய்யச் சரியான ஆள்தான். ஆனால் செய்யச் சொன்னவர் மகாராஜா இல்லை. கல்கத்தாவில் குடியிருந்த ராபர்ட் நிக்கோல் மாத்யூசன் என்ற பணக்கார வெள்ளைக்காரர்.

மனிதருக்கு என்ன ஆசை என்றால், ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் வாயைப் பிளக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக முன்பக்கம் முழுக்க மரத்தில் செதுக்கிய அன்னம், பின்பக்கம் தங்க ரேக்கு ஒட்டிய தாமரைப் பூக்கள். கண்ணுக்குள் பல்பு, இருட்டினால் எரியும். அலகை இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயோடு இணைத்திருந்தார்கள், டிரைவர் வேண்டும்போது வாய் திறந்து 'புஸ்' என்று நீராவி அடிக்கும், எதிரே நிற்கிறவன் தானாக வழிவிடுவான். பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னம் பற்றித்தான் நாம் படித்திருக்கிறோம், இது கூட்டத்தைப் பிரித்த அன்னம்.

இன்னும் இருக்கிறது. புகைபோக்கியிலிருந்து வரும் காற்றில் ஊதுகிற எட்டு ஸ்வர ஹாரன், அதை வாசிக்கப் பின்னால் ஆர்மோனியம் மாதிரி கட்டைகள். டிரைவரிடம் 'மெதுவாப் போ, நிறுத்து' என்று சொல்ல, கப்பலில் மேல்தளத்திலிருந்து இன்ஜின் அறைக்கு உத்தரவு அனுப்புவார்களே, அந்தக் கருவி. டயரில் அப்பிக்கொள்ளும் யானைச் சாணத்தைத் தள்ளிவிட பிரஷ்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பின்னால் ஒரு வால்வைத் திறந்தால் வெள்ளைச் சுண்ணாம்புத் தண்ணீர் பொத்தென்று ரோட்டில் விழும். பறவை என்றால் எச்சம் போட வேண்டாமா! நான் இந்த இடத்தில்தான் மாத்யூசனுக்கு ரசிகன் ஆனேன், அழகுக்குச் செலவு செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, எச்சத்துக்குச் செலவு செய்தவர் இவர் ஒருவர்தான்.

கே: அப்படியென்றால் மகாராஜா எங்கிருந்து வந்தார்? (அதே தென்காசி வாசகர், அடுத்த கடிதத்தில்)

ப: கார் முதல் தடவை வெளியே வந்ததுமே கல்கத்தா வீதிகளில் ஒரே களேபரம். போலீஸ் தலையிட்டு, இனி இதை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஓட்ட முடியாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பஞ்சாபில் பாட்டியாலா பக்கத்தில் நாபா என்று ஒரு சின்ன சமஸ்தானம் இருந்தது, அதன் மகாராஜா குடும்பத்துக்குக் கார் கைமாறியது. எழுபது வருஷத்துக்கு மேல் அவர்களிடமே இருந்தது. 1991-ல் நெதர்லாந்துக்குப் போய், இப்போது தி ஹேக் நகரில் லௌமன் மியூசியத்தில் நிற்கிறது.

ராஜா கைக்கு ஒரு கார் வந்துவிட்டால் அதில் உள்ள கிறுக்குத்தனம் மொத்தமும் ராஜா தலையில் ஏறிவிடுகிறது. மாத்யூசன் பெயர் யார் வாயிலும் இல்லை, பாருங்கள்.

கே: லண்டன் ஷோரூமில் அவமானப்பட்ட அல்வார் மகாராஜா, ரோல்ஸ் ராய்ஸ் கார்களை வாங்கிவந்து குப்பை அள்ள விட்டாராமே? (விருதுநகர் வாசகி)

ப: நானும் பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை அல்வார், ஒரு தடவை பாட்டியாலா, இன்னொரு தடவை ஹைதராபாத் நிஜாம். சொல்கிறவரைப் பொறுத்து ராஜா மாறுவார். கம்பெனி மன்னிப்புக் கேட்டுத் தந்தி அடித்ததாக முடியும், அந்தத் தந்தியை மட்டும் எவரும் காட்டுவதில்லை. வெள்ளைக்காரனை நம்மாள் பழிவாங்கினார் என்றால் கேட்க இனிக்கத்தான் செய்கிறது, அதற்காக நம்பிவிட முடியுமா?

கே: ராஜா கார் ஒன்றை நம் நாட்டிலேயே பார்க்க முடியுமா? (கோவை வாசகர்)

ப: ஹைதராபாத் போனால் சார்மினார் பார்த்துவிட்டு அப்படியே நடந்து சௌமஹல்லா அரண்மனைக்குப் போங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் இருக்கிறது. அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி இன்ஜினும் சேஸிஸும் மட்டும்தான் கொடுக்கும், மேலே பாடி கட்டுவது வேறு ஆள். நம் ஊரில் லாரிக்கு பாடி கட்டுகிற மாதிரிதான், என்ன, இங்கே கட்டியது லண்டனின் பார்க்கர் கம்பெனி. பின்சீட்டைச் சிம்மாசனம் மாதிரி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், ஜனங்களுக்கு நிஜாம் முகம் தெரிய வேண்டுமே.

ஆர்டர் கொடுத்தவர் ஆறாவது நிஜாம் மஹ்பூப் அலி கான். 1911-ல் அவர் இறந்துபோனார், கார் வந்து சேர்ந்தது அதற்கு அப்புறம். உட்கார்ந்தது மகன் உஸ்மான் அலி கான். அதுவும் விசேஷ ஊர்வலங்களுக்கு மட்டும். மொத்தம் ஓடியது 356 மைல்தான் என்கிறார்கள். நம் ஷேர் ஆட்டோ ஒன்று ஒரு வாரத்தில் தாண்டிவிடும்.

கே: சரி, அன்னக் காரை உங்களுக்கு இலவசமாகக் கொடுத்தால்? (மதுரை வாசகர்)

ப: வேண்டாம், குட்டியைக் கொடுங்கள். நாபா அரண்மனையில் பிறகு சின்னதாக இன்னொரு அன்னக் கார் செய்தார்கள், பெரியதற்குப் பக்கத்திலேயே மியூசியத்தில் அதுவும் நிற்கிறது. ஓடுவது பேட்டரியில். பெட்ரோல் போட வேண்டாம், நீராவி அடிக்காது, எச்சமும் போடாது. போலீஸ் பிடித்தால் மின்சார வாகனம் என்று சொல்லிக்கொள்வேன்.