எவான்ஸ் காம்பிட் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

செஸ்ஸில் வெள்ளைக் காய்கள் கிடைத்தால் நான் எப்போதும் எவான்ஸ் காம்பிட்தான் (தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்கும் முறை) ஆடுகிறேன். எதிராளி தடுமாறினால் சீக்கிரமே ஜெயித்துவிடுகிறேன். நிதானமாகத் தடுப்பவர் வந்தால் தாக்குதல் பிசுபிசுத்துப்போய், கடைசியில் ஒரு சிப்பாய் குறைவால் தோற்கிறேன். செஸ் ஆடும் கணினி என்ஜின்களின் காலத்தில் காம்பிட் எல்லாம் செல்லாது என்கிறார்கள் நண்பர்கள். விட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

விட வேண்டாம். என்ஜினுக்கு இந்தத் தொடக்கத்தின் மேல் பெரிய மோகம் இல்லை, உண்மைதான். ஆனால் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பது என்ஜின் இல்லையே.

தாக்குதல் பிசுபிசுத்துவிட்டது என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கப்பல் கேப்டன் எவான்ஸ் 1820களில் யோசித்த விஷயம் எளிமையானது. நான்காவது நகர்வில் பி4 கட்டத்தில் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை) ஒரு சிப்பாயைக் கொடுக்கிறோம். கறுப்பு பிஷப் எடுக்கிறது. நாம் சி3 தள்ளியதும் அது மறுபடி ஓட வேண்டும். அந்த இடைவெளியில் டி4 ஆடி நடுப்பலகையைப் பிடிக்கிறோம். சிப்பாய்க்குக் கிடைத்தது அவ்வளவுதான்: கொஞ்சம் நேரம், கொஞ்சம் இடம். அதை உடனே செக்மேட்டாக மாற்றப் பார்த்தால் இரண்டும் போய்விடும்.

1995இல் ரீகாவில் காஸ்பரோவ் ஆனந்துடன் இதை ஆடினார். ஆனந்த் பிஷப்பை இ7க்கு இழுத்து, குதிரையை ஏ5க்குக் கொண்டுவந்து காஸ்பரோவின் சி4 பிஷப்பை விரட்டினார். காஸ்பரோவ் அதைப் பேசாமல் இ2க்குப் பின்னே இழுத்துக்கொண்டார். சிப்பாய் குறைவாக இருக்கும்போது, அதுவும் காஸ்பரோவ்! அப்புறம் அவர் ராணி டி4, எச்4, ஜி3 என்று நடந்து ஜி7ஐக் குறிவைத்தது. ஆனந்தால் கடைசிவரை காஸ்லிங் செய்து (ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கிப் பத்திரப்படுத்துவது) தப்ப முடியவில்லை. 25 நகர்வில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

நிதானமாகத் தடுப்பவர்கள் பெரும்பாலும் முன்னாள் உலகச் சாம்பியன் லாஸ்கரின் வழியில் வருவார்கள். அதாவது, பிஷப்பை ஏ5க்கு நகர்த்துவார்கள், நீங்கள் காஸ்லிங் செய்ததும் டி6, உங்கள் டி4க்குப் பதிலடியாக பிஷப் பி6. இப்போது இ5இல் வெட்டி, ராணிகளை மாற்றி, உங்கள் சிப்பாயைத் திரும்ப எடுக்கலாம். சபலம் தட்டும். எடுத்தால் காய்க் கணக்கு சமமாகிவிடும், ஆனால் உங்கள் ஏ, சி சிப்பாய்கள் துணையில்லாமல் நிற்கும். அந்த இறுதியாட்டத்தைக் கறுப்பு சந்தோஷமாக ஆடும்.

அதனால் காஸ்லிங்கைத் தள்ளிப்போட்டு ஆறாவது நகர்விலேயே டி4 ஆடுங்கள். டி6 வந்தால் ராணி பி3. எஃப்7க்கு மிரட்டல். பெரும்பாலும் கறுப்பு ராணி டி7க்கு வந்து காக்கும், அங்கே நின்று தன் பிஷப்பின் வழியையே மறிக்கும். அப்போதும் அவசரப்படாதீர்கள்.

இன்னொன்று. தோற்ற ஆட்டங்களை எடுத்து, கறுப்பு எந்த நகர்வில் காஸ்லிங் செய்தது என்று பாருங்கள். சீக்கிரமே செய்திருந்தால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது, இறுதியாட்டத்தில் தேட வேண்டாம். அப்படி ஒன்றிரண்டு ஆட்டங்களின் நகர்வுகளை அனுப்புங்கள், பார்க்கிறேன்.